இந்தியர் கோட்டா நிரம்பிய புளோக்கா, சீனர் கோட்டா நிரம்பிய புளோக்கா? சிங்கப்பூரில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

ஈசூனில் அம்மா வீட்டுக்கு நாலு புளோக் தள்ளி ஒரு நாலறை வீடு, விலை கொஞ்சம் அதிகம். ஹவ்காங்கில் அதே அளவு, ஏறக்குறைய அதே வயசு, விலை குறைவு. எதை எடுப்பது? மறுவிற்பனை வீடு தேடும் தமிழர்கள் கேட்கும் கேள்வி ஊர்ப்பெயர் மாறினாலும் பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கிறது. பதில் சொல்பவர்களும் எத்தனையாவது மாடி, மேற்கு வெயில் அடிக்குமா, குத்தகை எத்தனை வருஷம் மிச்சம், எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்து போகலாமா என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இதெல்லாம் முக்கியம்தான். ஆனால் சீனர் அல்லாத ஒரு குடும்பத்துக்கு இவற்றுக்கெல்லாம் முன்னால் வரவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தப் புளோக்கிலும் வட்டாரத்திலும் எந்த இனத்தின் கோட்டா நிரம்பியிருக்கிறது?

நீங்கள் யாரிடம் வாங்கலாம், நாளைக்கு யாருக்கு விற்கலாம் இரண்டையும் அதுதான் தீர்மானிக்கிறது. வாங்கும்போது எல்லாரும் முதல் பாதியை மட்டும் பார்க்கிறார்கள். பணம் போவதும் வருவதும் இரண்டாவது பாதியில் என்பது என் கருத்து. கீழே எழுதியிருப்பதெல்லாம் அதை ஒட்டித்தான்.

கோட்டா எப்படி வேலை செய்கிறது

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளுக்கான இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 மார்ச்சில் நடப்புக்கு வந்தது. அறிவித்தவர் அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த எஸ். தனபாலன். கம்பங்களை (பழைய கிராமக் குடியிருப்புகளை) காலி செய்து மக்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றியபோது இனங்கள் கலந்துதான் குடியேறினார்கள். ஆனால் மறுவிற்பனை சூடுபிடித்த பிறகு பிடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரர்கள், ஹவ்காங் பக்கம் சீனர்கள், ஈசூன் பக்கம் இந்தியர்கள் என்று மெல்ல ஒதுங்க ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் யாரையும் விரட்டவில்லை. அக்கா வீட்டுப் பக்கம், கோயில் பக்கம், சூராவ் (தொழுகைக்கூடம்) பக்கம் என்று அவரவர் பார்த்த வீடுகள்தான்.

பொருளியல்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஏதும் இருந்திருக்காது. தாமஸ் ஷெல்லிங் 1971-லேயே இதைக் கட்டம் போட்ட பலகையில் காட்டிவிட்டார். பிற்பாடு 2005-இல் நோபெல் பரிசு வாங்கினாரே, அவர்தான். ஒவ்வொருவரும் ‘நம்ம ஆட்கள் கொஞ்சம் பேராவது பக்கத்தில் இருக்கட்டும்’ என்று மட்டும் நினைத்தால்கூடப் போதும், இனவெறி தேவையே இல்லை. ஒருவர் இடம் மாற, அதனால் அடுத்தவர் கணக்கு மாற, அவரும் கிளம்ப, கடைசியில் பலகை தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்து நிற்கும். அமெரிக்க நகரங்களின் 1970 முதல் 2000 வரையிலான கணக்கெடுப்புகளை எடுத்துப் பார்த்த கார்ட், மாஸ், ராத்ஸ்டீன் என்ற மூவர், ஒரு பகுதியில் சிறுபான்மையினர் பங்கு 5 முதல் 20 விழுக்காட்டுக்குள் ஏதோ ஒரு புள்ளியைத் தாண்டியதும் வெள்ளையர்கள் வேகமாக வெளியேறியதைக் கண்டார்கள். அங்கே வெறும் விருப்பம் மட்டும் வேலை செய்யவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கறுப்பர் பகுதிகளுக்கு அடமானக் கடன் மறுத்த அரசு அமைப்புகளும், கறுப்பருக்கு விற்கமாட்டோம் என்று பத்திரத்திலேயே எழுதிவைத்த உரிமையாளர்களும் சேர்ந்து செய்த வேலை அது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் அங்கே வர 1968 ஆனது.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. எங்கே வேண்டுமானாலும் வாங்கு, ஆனால் உன் இனத்தின் பங்கு வரம்பைத் தாண்டக்கூடாது. இன்றைய வரம்புகள்: சீனர்களுக்கு வட்டாரத்தில் 84 விழுக்காடு, புளோக்கில் 87. மலாய்க்காரர்களுக்கு 22, 25. இந்தியர்களையும் ‘மற்றவர்’களையும் ஒன்றாகச் சேர்த்து 12, 15. இந்தக் கடைசி வரம்பு 2010-க்கு முன்பு இன்னும் இறுக்கமாக, 10, 13 என்று இருந்தது.

இதை 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு வைத்துப் பாருங்கள். குடியிருப்பாளர்களில் சீனர்கள் 74.3 விழுக்காடு, அவர்கள் வட்டார வரம்புக்கு ஏறக்குறைய பத்துப் புள்ளி இடைவெளி. மலாய்க்காரர்கள் 13.5, வரம்புக்கு எட்டரைப் புள்ளி இடைவெளி. இந்தியர்கள் 9.0, மற்றவர்கள் 3.2, கூட்டினால் 12.2. வட்டார வரம்பு 12! தனியார் வீடுகளில் இருப்பவர்களைக் கழித்தால் வீவக வீடுகளில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும், சரி. ஆனாலும் மற்ற இரு இனங்களுக்கும் இருக்கும் தாராளம் நமக்கு இல்லை என்பது மாறாது. சில புளோக்குகளில் நம் பக்கக் கதவு சீக்கிரமே மூடிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

விதி ஒன்றுதான். வரம்பு நிரம்பிய இனத்தவர் ஒருவர், அதே இனத்தவரிடமிருந்து வாங்கலாம், ஏனென்றால் விழுக்காடு மாறாது. வேறு இனத்தவரிடமிருந்து வாங்க முடியாது. இந்தியக் குடிமக்கள் குடும்பம் ஒன்றின் இடத்திலிருந்து பார்த்தால்:

| நிரம்பியிருக்கும் கோட்டா | நீங்கள் யாரிடம் வாங்கலாம் | நீங்கள் யாருக்கு விற்கலாம் | விலையில் நடப்பது |
|---|---|---|---|
| எதுவும் இல்லை | யாரிடமும் | யாருக்கும் | சந்தை விலை |
| இந்தியர்/மற்றவர் | இந்தியர்/மற்றவரிடம் மட்டும் | யாருக்கும் | வாங்கும்போது கூடுதல், விற்கும்போது அது திரும்பலாம் |
| சீனர் | யாரிடமும் | சீனர் தவிர மற்றவருக்கு | விற்கும்போது குறைவு |
| மலாய் | யாரிடமும் | மலாய்க்காரர் தவிர மற்றவருக்கு | பெரும்பாலும் லேசான பாதிப்பு |

மூன்றாவது வரிசையை இன்னொரு முறை பாருங்கள். பேச்செல்லாம் அங்கேதான்.

எதை வைத்து எடைபோடுவது

இன்று உங்களுக்குக் கிடைக்குமா என்பது முதலாவது. கையிலிருந்து எவ்வளவு ரொக்கம் போகும் என்பது இரண்டாவது. மசேநி (மத்திய சேம நிதி) பணமும் கடனும் போக, நிஜமான ரொக்கத்தைத்தான் சொல்கிறேன். மூன்றாவது, ஐந்து அல்லது பத்து வருஷம் கழித்து உங்கள் வீட்டுக்கு எத்தனை வகை வாங்குபவர்கள் வருவார்கள். நாலாவது விலைப் பட்டியலில் வராதது: பெற்றோர் பக்கத்தில் இருக்கிறார்களா, பிள்ளைக்குத் தமிழ் வகுப்பு கிடைக்குமா, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் பேருந்து மாறாமல் போகலாமா.

இந்த நாலாவதை உணர்ச்சிவசப்பட்ட விஷயம் என்று ஒதுக்கவேண்டாம். மெய்சி வோங் என்ற பொருளியலாளர் சிங்கப்பூர்க் கோட்டாவை வைத்தே ஓர் ஆய்வு செய்திருக்கிறார், 2013-இல் வெளிவந்தது. தொலைபேசிப் புத்தகத்திலிருந்து ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களை எடுத்து, பெயரை வைத்து இனத்தைப் பிரித்து, எந்த வட்டாரத்தில் யார் எவ்வளவு பேர் என்று கணக்குப் போட்டார். கிடைத்த பதில், எல்லா இனத்தவருமே தம் இனத்தவர் சிலர் பக்கத்தில் இருப்பதை விரும்புகிறார்கள், ஆனால் போதுமான அளவு வந்துவிட்டால் அடுத்த அண்டைவீட்டார் வேறு இனத்தவராக இருப்பதையே விரும்புகிறார்கள். ஆக ‘எனக்கு நாலு தமிழ் வீடு பக்கத்தில் வேணும், ஆனா முழுக்கத் தமிழ்ப் புளோக்கா இருந்தா மூச்சு முட்டும்’ என்று நம் வீட்டில் யாராவது சொன்னால் அதில் குழப்பம் ஒன்றும் இல்லை. அந்த நாலு வீட்டுக்கும் ஒரு விலை உண்டு, அதைக் கொடுக்க ஆள் உண்டு.

இந்தியர் கோட்டா நிரம்பிய இடத்தில் மறுவிற்பனை வீடு

பிரிட்டிஷ் கடற்படைத் தளம் செம்பவாங்கில் இருந்த காலத்திலிருந்தே வடக்குப் பக்கம் இந்தியக் குடும்பங்கள் அதிகம். தளம் போனாலும் குடும்பங்கள் போகவில்லை. சோங் பாங் சந்தையைச் சுற்றி மளிகைக்கடை, பூக்கடை, நகைக்கடை, ஈசூனில் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயில் என்று எல்லாம் வளர்ந்தது அந்தக் கூட்டத்தை நம்பித்தான். இப்படிப்பட்ட இடங்களில் சில புளோக்குகளில் இந்தியர் கோட்டா நிரம்பியிருந்தால், உள்ளே நுழைய ஒரே வழி, அங்கே இருக்கும் இந்தியர் ஒருவர் விற்கவேண்டும்.

அவருக்கும் இது தெரியும். அவர் சீனருக்கும் விற்கலாம், மலாய்க்காரருக்கும் விற்கலாம், உங்களுக்கும் விற்கலாம். உங்களுக்கோ அவரை விட்டால் ஆள் இல்லை. அதனால் விலை கொஞ்சம் ஏறும். ஏறுவதைவிட மோசம், ஏறிய பங்கு எப்படிப் போகிறது என்பது. வீவக மதிப்பீடு பெரும்பாலும் சுற்றுவட்டாரத்தில் நடந்த விற்பனைகளை ஒட்டி வரும். உங்கள் நெருக்கடிக்காக ஏற்றிய விலை அதில் முழுசாக ஏறாது. மதிப்பீட்டைத் தாண்டிய ஒவ்வொரு வெள்ளியும் ரொக்கமாகத்தான் கொடுக்கவேண்டும், மசேநியும் உதவாது, கடனும் கிடைக்காது. கணக்குக்காக ஒரு கற்பனை எண் எடுத்துக்கொள்வோம்: மதிப்பீடு 6,00,000 வெள்ளி, கேட்கும் விலை 6,30,000. வீவக கடன் இப்போது 75 விழுக்காடுவரைதான், அதுவும் மதிப்பீட்டின் மேல், அதாவது 4,50,000. மீதி 1,50,000-க்கு மசேநி கைகொடுக்கும். அந்த 30,000? வங்கிக் கணக்கில் இருக்கவேண்டும். இன்னொரு தொல்லை, 2014-இலிருந்து விலை பேசி முடித்த பிறகுதான் மதிப்பீடே கேட்க முடியும். ஆக எவ்வளவு ரொக்கம் என்பது விலை பேசும்போது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

இந்த வழியில் ஒரு நல்ல பக்கமும் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. விற்கும்போது நீங்கள் அந்த விற்பனையாளரின் நாற்காலியில் உட்காருவீர்கள். கோட்டா அப்போதும் நிரம்பியிருந்தால் நீங்களும் ஒரு தமிழ்க் குடும்பத்திடம் அதே கூடுதலைக் கேட்கலாம், கோட்டா தளர்ந்திருந்தால் பொதுச் சந்தையில் விற்கலாம். கொடுத்த 30,000 முழுக்கப் போன பணம் இல்லை.

பெற்றோரின் 4 கிலோமீட்டருக்குள் வாங்கினால் 20,000 வெள்ளி, அவர்களோடு சேர்ந்தே இருந்தால் 30,000 என்று அருகாமை மானியம் இருக்கிறது. பெற்றோர் இருக்கும் புளோக்கே நிரம்பியிருந்தாலும் 4 கிலோமீட்டர் என்பது பெரிய வட்டம், பக்கத்து வட்டாரத்தில் கோட்டா திறந்திருக்கும் ஒரு புளோக்கைத் தேடிப்பாருங்கள். மானியமும் கிடைக்கும், கூடுதல் விலையும் மிச்சமாகும். பிள்ளையைப் பாட்டி பார்த்துக்கொள்ளப்போகிறார் என்றால், கையில் ரொக்கமும் இருந்தால், நான் இந்த வகையைத் தயங்காமல் சொல்வேன். ரொக்கம் இல்லாதவர்கள் ஆசைப்பட்டு இறங்கவேண்டாம்.

சீனர் கோட்டா நிரம்பிய இடத்தில் மறுவிற்பனை வீடு

விளம்பரங்களில் ‘எல்லா இனத்தவரும் வாங்கலாம்’ என்று ஒரு வரி வரும், பார்த்திருப்பீர்கள். அந்த வரி இல்லாமல், நல்ல மாடி, நல்ல காற்று, நல்ல விலை என்று எல்லாம் இருந்து, முகவரை அழைத்தால் முதல் கேள்வியே உங்கள் இனம் என்ன என்று வந்தால், பெரும்பாலும் இது அந்த வகை வீடு. விற்பவர் சீனர் அல்லாதவர். அவரால் சீனருக்கு விற்க முடியாது. சந்தையில் பாதிக்கும் மேல் சீனர்கள். எனவே விலையை இறக்கி உட்கார்ந்திருக்கிறார்.

இந்த வகையை ஒரே வீடாக நினைப்பதுதான் பொதுவாக நடக்கும் தவறு. உண்மையில் இது இரண்டு வீடு.

சீனர் அல்லாத ஒருவரிடமிருந்து வாங்குவது ஒன்று. தள்ளுபடியில் வாங்குகிறீர்கள், பிற்பாடு நீங்களும் தள்ளுபடியில் விற்பீர்கள். கற்பனைக் கணக்கு: தடையில்லாத வீடு 6,00,000, இது 5,70,000. பத்து வருஷத்தில் அந்தப் பகுதி விலை 30 விழுக்காடு ஏறி, தடையில்லாதது 7,80,000 ஆனால், உங்களுடையது அதே ஐந்து விழுக்காடு குறைந்து 7,41,000. கையில் லாபம் 1,71,000. தடையில்லாத வீட்டில் 1,80,000 வந்திருக்கும். வித்தியாசம் பெரிதல்ல, இடையில் கோட்டா தளர்ந்தால் உங்களுக்கே கூடுதல் வரவு. ஆரம்பத்தில் 30,000 குறைவாகக் கடன் வாங்கியதன் வட்டியும் மிச்சம்.

சீனர் ஒருவரிடமிருந்து வாங்குவது இன்னொன்று. அவருக்குத் தடை எதுவும் இல்லை, யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம், அதனால் முழு விலை கேட்பார். நீங்கள் 6,00,000 கொடுத்து வாங்குகிறீர்கள். அந்த நிமிஷத்திலிருந்து அது சீனர் அல்லாதவர் வீடு. விற்கப் போகும் மாதத்தில் சீனர் கோட்டா நிரம்பியிருந்தால் 7,41,000-தான், லாபம் 1,41,000. அதே புளோக், அதே மாடி, அதே சமையலறை. ஆனால் யாரிடம் வாங்கினோம் என்பதால் மட்டும் 30,000 வெள்ளி காணாமல் போகிறது. ஒப்பிட்ட எல்லா வழிகளிலும் எனக்குப் பிடிக்காதது இதுதான். சீனர் கோட்டா நிரம்பிய, அல்லது நிரம்பப்போகிற புளோக்கில், சீனரிடமிருந்து, முழு விலைக்கு வாங்கவே வாங்காதீர்கள் என்பேன். பேரம் பேசி விலை இறங்கினால் யோசிக்கலாம்.

விலைக் குறைவைவிடக் காலம்தான் பலரைக் கொல்கிறது. வேலை போய்விட்டது, விவாகரத்து, பெரிய வீட்டிலிருந்து சின்ன வீட்டுக்கு இறங்கவேண்டும், இப்படி அவசரமாக விற்கவேண்டிய நேரத்தில்தான் வாங்குபவர் கூட்டம் சின்னதாக இருப்பது உறைக்கும். ஒருவர் வந்து பார்த்து, பிடித்து, கடைசியில் கோட்டா சோதனையில் இடறிப் போவார். அடுத்தவர் வர ஒரு மாதம். அதுவரை புது வீட்டுக்கும் தவணை, பழைய வீட்டுக்கும் தவணை. விற்றபின் மசேநியில் எடுத்த பணத்தை 2.5 விழுக்காடு வட்டியோடு திருப்பிப் போடவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், கையில் வரும் ரொக்கம் பேப்பரில் போட்ட லாபத்தைவிட ரொம்பக் குறைவாக இருக்கும்.

சிறுபான்மை உரிமையாளர்கள்மேல் இந்தச் செலவு விழுகிறது என்பதை அரசாங்கமே ஒத்துக்கொண்டிருக்கிறது. 2022 மார்ச்சில், விற்க முடியாமல் உண்மையிலேயே திணறுபவர்களிடமிருந்து கடைசி வழியாக வீவகவே வீட்டை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு மனுவாகப் பார்த்துத்தான் முடிவு, எனவே அதை நம்பி வாங்காதீர்கள். என் சொந்தக் கருத்து, கொள்கை தேவைதான், ஷெல்லிங் பலகையில் நடந்தது இங்கே நடக்கவேண்டாம். ஆனால் ஊர் முழுக்க அனுபவிக்கும் கலப்புக்கான செலவை, தற்செயலாக அந்தப் புளோக்கில் மாட்டிக்கொண்ட ஒரு மலாய்க்காரரோ தமிழரோ தனியாகக் கட்டுவதில் என்ன நியாயம்?

சரி, வேறொரு மறைமுகச் செலவு, பள்ளி. தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு முன்னுரிமை என்பதால் பலர் பள்ளியைப் பார்த்து வீடு வாங்குகிறார்கள். பக்கத்தில் இருக்கும் புகழ்பெற்ற பள்ளி சிறப்பு உதவித் திட்டப் பள்ளியாக இருந்தால் அங்கே தாய்மொழி என்றால் சீனம் மட்டும்தான், அந்த ஒரு கிலோமீட்டருக்கு நீங்கள் கொடுத்த விலை உங்கள் பிள்ளைக்குப் பயன்படாது. வேறு சில பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகள் போதாமல் தமிழ் நடத்துவதில்லை, பிள்ளை பள்ளி முடிந்து வேறொரு நிலையத்துக்குப் போய்ப் படிக்கவேண்டும். உயர்நிலைப் பிள்ளைகள் பலர் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்குப் போவது இப்படித்தான். மாலை ஐந்து மணிக்குச் சீருடையோடு பேருந்தில் தூங்கிவழியும் பிள்ளையை மனதில் வைத்துக்கொண்டு, வீடு பார்க்கும்போதே சுற்றியிருக்கும் பள்ளிகளில் தமிழ் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

எதுவும் நிரம்பாத புளோக்

சொல்ல அதிகமில்லை. சந்தை விலைக்கு வாங்கி சந்தை விலைக்கு விற்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை, இன்றைக்கு நிரம்பவில்லை என்பது பத்து வருஷம் கழித்தும் அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சீனர் பங்கு 87-ஐ நெருங்கி நிற்கும் புளோக்கையும், நிறையத் தள்ளி நிற்கும் புளோக்கையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள்.

நடந்த விற்பனை விலைகளைப் பார்த்தே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: வீவக வெளியிடும் மறுவிற்பனைப் பட்டியலில் மாதம், எந்த மாடிகளுக்குள், பரப்பு, விலை எல்லாம் இருக்கும், விற்றவர் வாங்கியவர் இனம் இருக்காது. ஒரு வீடு போன மாதம் குறைவாகப் போயிருந்தால் அது கோட்டாவாலா, கழிவறை ஒழுகியதாலா என்று அதிலிருந்து சொல்ல முடியாது. வோங் தொலைபேசிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிடிஓ வீடு

பிடிஓ என்பது முன்பதிவு வாங்கி வீவக கட்டித்தரும் புது வீடு. இதில் கூடுதல் விலை கேட்க விற்பனையாளர் யாரும் இல்லை, விலை எல்லா இனத்துக்கும் ஒன்று. இங்கே கோட்டா வரிசையில் வேலை செய்கிறது. உங்கள் முறை வருவதற்குள் இந்தியர்/மற்றவர் பங்கு தீர்ந்துவிட்டால், வீடுகள் மிச்சம் இருந்தாலும் நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. பெரிய வரிசை எண் கிடைத்தவர்கள் மனம் தளர்வது இதனால்தான். கட்டி முடிக்கும் மூன்று நாலு வருஷமும் வாடகையோ, மாமியார் வீடோ.

ஆனால் மானியம் சேர்ந்த விலையில் வாங்குவதால், பிற்பாடு கோட்டாத் தள்ளுபடியில் விற்க நேர்ந்தாலும் அடி அவ்வளவாகப் படாது. முதல் வீடு வாங்கும் இளம் தம்பதிக்கு, காத்திருக்க முடியுமென்றால், இதுவே என் முதல் பரிந்துரை.

2024 அக்டோபரிலிருந்து வந்த பிளஸ், பிரைம் வகைகளில் மட்டும் கூடுதலாக யோசியுங்கள். ஐந்து வருஷத்துக்குப் பதில் பத்து வருஷம் குடியிருந்தபின்தான் விற்கலாம், மானியத்தில் ஒரு பங்கை விற்கும்போது திருப்பவேண்டும், முழு வீட்டை வாடகைக்கு விடவும் முடியாது. அதோடு உங்களிடமிருந்து வாங்குபவருக்கும் வருமான வரம்பு உண்டு. அதாவது வாங்குபவர் கூட்டத்தை வருமானம் ஒருமுறை வடிகட்டும், இனக் கோட்டா இன்னொருமுறை வடிகட்டும். தோ பாயோவிலோ குவீன்ஸ்டவுனிலோ இடம் கிடைக்கிறதே என்ற சந்தோஷத்தில் இந்த இரட்டை வடிகட்டலை மறந்துவிடுகிறார்கள்.

கொண்டோ

கொண்டோ என்னும் தனியார் அடுக்குமாடி வீடுகளுக்குக் கோட்டா கிடையாது. யாரிடமும் வாங்கலாம், யாருக்கும் விற்கலாம். இந்த ஒரு சுதந்திரத்துக்கு நீங்கள் கொடுப்பது: மசேநி வீட்டு மானியம் இல்லை (நாலறை அல்லது அதைவிடச் சின்ன மறுவிற்பனை வீவக வீட்டுக்கு, முதல்முறை வாங்கும் தகுதியுள்ள தம்பதிக்கு 80,000 வெள்ளிவரை உண்டு), வங்கிக் கடன் மட்டும், மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம், அப்புறம் அடிப்படை விலையே வேறு உலகம். குடிமக்களுக்கு முதல் வீட்டில் கூடுதல் முத்திரை வரி இல்லை, நிரந்தரவாசிக்கு 5 விழுக்காடு, வெளிநாட்டவருக்கு 2023 ஏப்ரலிலிருந்து 60.

வீவக வீட்டில் கோட்டாவால் இழக்கக்கூடியது சில பத்தாயிரங்கள் என்றால், அதைத் தவிர்க்க மட்டும் கொண்டோவுக்குப் போவது கணக்கில் நிற்காது. வேறு காரணங்களுக்காகப் போகிறவர்கள் போகலாம்.

வாடகையும் நிரந்தரவாசிகளும்

தமிழ்நாட்டிலிருந்து வந்து நிரந்தரவாசியானவர்களுக்கு மேலே சொன்ன இனக் கோட்டா விதிகள் எல்லாமும் உண்டு, அதற்கு மேல் இன்னொரு வரம்பும் உண்டு. 2010-இலிருந்து நிரந்தரவாசிக் குடும்பங்களுக்கு வட்டாரத்தில் 5, புளோக்கில் 8 விழுக்காடு. மலேசிய நிரந்தரவாசிகளுக்கு இது கிடையாது. ஜொகூரிலிருந்து வந்த தமிழர் இனக் கோட்டாவை மட்டும் பார்த்தால் போதும், மதுரைக்காரர் இரண்டையும் பார்க்கவேண்டும். தம்பதி இருவருமே நிரந்தரவாசிகள் என்றால் அந்தத் தகுதி கிடைத்து மூன்று வருஷம் ஆன பிறகுதான் மறுவிற்பனை வீடே வாங்க முடியும், புது வீடு கிடையாது. வாங்கும்போது இப்படி இரட்டைக் கணக்கு என்பதால், இங்கேயே இருப்போமா என்று இன்னும் முடிவெடுக்காதவர்கள் அவசரப்பட்டு வாங்குவதைவிட வாடகையில் இருப்பது நல்லது.

வாடகையிலும் இனம் இல்லாமல் இல்லை. முழு வீவக வீட்டை வாடகைக்கு எடுக்கும் மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 2014-இலிருந்து வட்டாரத்தில் 8, புளோக்கில் 11 என்று தனி வரம்பு. அதைவிட எரிச்சலானது எழுதப்படாத வரம்பு. ‘இந்தியர் வேண்டாம்’ என்று வெளிப்படையாகப் போட்ட விளம்பரங்கள் செய்திகளில் அடிபட்டிருக்கின்றன. இப்போது அது ‘சமையல் குறைவாக இருக்கவேண்டும்’ என்று நாகரிகமாக வரும். சாம்பார் வைப்பவர்கள் வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே இதைப் பேசிவிடுங்கள், ஒரு சனிக்கிழமையாவது மிச்சமாகும்.

ஓடிபி (வீட்டை வாங்கும் உரிமைப் பத்திரம்) வாங்கும் முன்

கோட்டா நிலவரம் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் புதுப்பிக்கப்படுகிறது, வீவக இணையத்தளத்தில் புளோக் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். முகவர் சொல்வதை மட்டும் நம்பவேண்டாம், நீங்களே பாருங்கள், அதுவும் இரண்டு கண்ணோட்டத்தில்: ஒருமுறை வாங்கும் இந்தியராக, இன்னொருமுறை விற்கும் இந்தியராக. இரண்டாவதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. விற்பவரின் இனத்தையும் கேளுங்கள், கேட்பது அநாகரிகம் இல்லை, விலை பேசத் தேவையான தகவல்.

கலப்புத் திருமணத் தம்பதிகள் கணவன் மனைவி இருவரில் ஒருவரின் இனத்தில் வீட்டைப் பதியலாம். எந்தக் கதவு இன்று திறந்திருக்கிறது என்று பார்த்துச் சட்டென்று முடிவு செய்யாமல், விற்கும்போது எந்த இனமாகக் கணக்கில் வரும் என்பதை வீவகவிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓடிபி காலம் 21 நாள். பெரும்பாலும் அதற்குள் ஒரு முதல் தேதி வந்துவிடும். எனவே ஓடிபி வாங்கும் அன்றும், மறுவிற்பனை விண்ணப்பத்தைச் சமர்ப்பிப்பதற்கு முன்பும், ஆக இரண்டு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். முடிந்தால் ஓடிபியை மாதத்தின் முதல் வாரத்தில் வாங்கி, அதே மாதத்துக்குள் விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள்.